ஐந்தாம் வார்த்தை

ஜனவரி 7, ஞாயிறு

இன்று சபையில் சாட்சி சொன்னேன். குருவானவர் ஜோயல் ஐயா எனக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்திருந்தார். இருபது நிமிடம் ஆகிவிட்டது. நிறுத்தச் சொல்ல அவருக்கே மனம் வரவில்லை. பெண்கள் பக்கம் முந்தானையால் கண்ணைத் துடைக்காதவர்கள் இல்லை.

என் கணவர் அருமைநாயகத்துக்குக் குடலில் புற்றுநோய் என்று போன வருஷம் மார்ச்சில் சொன்னார்கள். போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. இடையில் இருந்த ஒன்பது மாதத்தை நான் ஜெபத்தில் எப்படிக் கடந்தேன் என்று சொன்னேன். டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய இடத்தில் ஆண்டவர் கையை நீட்டினார் என்று முடித்தேன். ஆலயமே ஆமென் என்றது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்டார். "ஏட்டி, ஆப்பரேஷனையும் எட்டு கீமோவையும் எங்க விட்ட? பஸ்ஸுல மறந்து வச்சிட்டு இறங்குன மாதிரில்லா இருக்கு."

"சாட்சியில அதெல்லாம் எதுக்கு? ஆண்டவருக்குப் போவ வேண்டிய மகிமை ஆஸ்பத்திரிக்குப் போயிரும்."

"அந்த டாக்டரும் அவரு அனுப்புன ஆளுதான? அந்த மனுசன் உதட்டப் பிதுக்கி நான் பாக்கவே இல்லையே."

முப்பது வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 17, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவில் பாதிப் பேருக்குப் பின்னக் கணக்கு மறந்துவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

சாயங்காலம் துறைமுகம் பக்கத்துச் சபையில் பெண்கள் கூட்டம். அங்கேயும் என் சாட்சியைக் கேட்டார்கள். இந்த முறை இன்னும் கோர்வையாக வந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

சபையின் மாத மடலில் சாட்சியை அச்சில் போட்டுவிட்டார்கள். 'பூரண சுகம்' என்று தலைப்பு. புகைப்படத்தில் நான் நன்றாக இருக்கிறேன். அவர் கண்ணை மூடியிருக்கிறார்.

ஆராதனை முடிந்ததும் செல்லக்கனி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். நாற்பது வயதுகூட இருக்காது. மார்பில் கட்டி வந்து ஆப்பரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்கிறாள். தலையில் முடி இல்லை. "டீச்சர், ஒங்க சாட்சிய மடிச்சு வேதப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கேன்" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே சாட்சி சொல்வது.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவருக்கு முதுகு வலி. இந்த வயதில் ஸ்கூட்டரில் மீன் மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்டால்தானே. தைலம் தேய்த்துவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

முதுகு வலி விடவில்லை. ஆலயத்துக்குப் புறப்படும்போது கட்டிலில் இருந்து எழுந்தவர் "அய்யோ அம்மா" என்று ஒரு சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், அண்ணனுக்கு மறுபடியும் ஏதும்...?" என்று இழுத்தாள். சபையில் பாதிச் செய்தி அவள் வாய் வழியாகத்தான் போகும். கால் சுளுக்கு என்றேன்.

உள்ளே வந்து அவரிடம் சொன்னேன். "இப்பிடிச் சத்தம் போட்டா கேக்கவிய என்ன நெனைப்பாவ? சாட்சி சொல்லி முழுசா ரெண்டு மாசம் ஆவல. சாதாரண முதுகு வலி. அதுக்குப் போயி ஊரக் கூட்டாதீங்க."

"சரி" என்றார்.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஆலயத்துக்குப் போனேன். கொசு அதிகமாக இருக்கிறது.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

லெந்து உபவாச நாட்கள் தொடங்கிவிட்டன. அவருக்குப் பசியே இல்லை என்கிறார். இரவுச் சாப்பாட்டை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிடட்டும், அது உபவாசமாகவும் ஆயிற்று என்று நினைத்தேன். ஆலயத்தில் விசாரித்தவர்களிடமும் உபவாசம் இருக்கிறார் என்றே சொன்னேன். மெலிந்திருப்பது அதனால்தான் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

காஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

தினமும் காலையில் ஒரே கேள்வி. "இன்னைக்கு ஸ்கூல் உண்டா? எத்தன மணிக்கு வருவ?" இன்றைக்கும் கேட்டார். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, ஐந்தரை ஆகும் என்றதும் முகம் தெளிந்தமாதிரி இருந்தது. கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. என்னை வீட்டை விட்டுத் துரத்துவதில் இந்த மனுஷனுக்கு இப்போதுதான் இவ்வளவு ஆசை வந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மார்ச் 3, சனி

விடுமுறை. நாள் முழுக்க வீட்டில் இருந்து அறுபத்திரண்டு விடைத்தாள் திருத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். எட்டிப் பார்த்தால் துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார். கண்டக்டருக்கு விசில் ஞாபகம் போகவில்லை போல என்று கிண்டல் செய்தேன். துண்டை எடுத்துவிட்டு, "ஆமா, டபுள் விசில்" என்றார்.

இடுப்பில் வேட்டி நிற்கமாட்டேன் என்கிறது. பெல்ட் வாங்க வேண்டும்.

மார்ச் 8, வியாழன்

கோயம்புத்தூரில் இருந்து மகள் பிரிசில்லா பேசினாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களே, எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். பரீட்சை நேரம், முடிந்ததும் எடுக்கலாம் என்றேன். அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். தூங்குகிறார் என்றேன். அவர் முழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோயல் ஐயா வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பேசுவது எங்கள் வழக்கம். இந்த வருஷம் ஐந்தாம் வார்த்தை எனக்கு. ஆண்டவர் தாகம் என்று தண்ணீர் கேட்ட வார்த்தை. சாட்சிக்காரி பேசினால் ஜனங்கள் கேட்பார்கள் என்று ஐயா சொன்னாராம். இருபத்தெட்டு வருஷம் இந்தச் சபையில் இருக்கிறேன், இதுவரைக்கும் எனக்கு ஒரு வார்த்தையும் தந்ததில்லை. குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் 14, புதன்

பரீட்சைக்கு ஹால் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மதியத்தோடு பள்ளியை விட்டுவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். கேட்டில் கை வைத்தபோது உள்ளே ஒரு சத்தம். மாடு கத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தெருவில் மாடு கிடையாது.

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். அது அவர்தான். "அம்மா, அம்மா" என்று கத்துகிறார். நடுநடுவே "போதும் ஆண்டவரே, போதும்" என்கிறார். கூட்டமான பேருந்தில் கடைசி சீட் வரைக்கும் எட்டின குரல் அது. ஜன்னல்களை எல்லாம் அவரே உள்ளே இருந்து சாத்தியிருந்தார். பத்து நிமிடம் நின்றேன். கதவைத் திறக்கக் கை வரவில்லை.

சாவி போடும் சத்தம் கேட்டதும் அது நின்றது. பாதிக் கத்தலில் அப்படியே நின்றது. உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட? நாலரைன்னுல்லா சொன்ன?"

"யாரு கத்துனது?"

"டிவி."

டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது.

"எத்தன நாளா?"

"நீ போன பொறவுதான். நீ வர்றதுக்குள்ள முடிச்சிருவேன். தங்கபுஷ்பமும் பத்து மணிக்கு வேலைக்குப் போயிருதா. ஒருத்தருக்கும் கேக்காது, பயப்படாத."

பள்ளி உண்டா என்று அவர் தினமும் கேட்டது இதற்குத்தான். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் துண்டு. நான் கணக்கு டீச்சர். இதைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. இல்லை, கூட்டிப் பார்க்கக் கூடாது என்று இருந்திருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். நாளைக்கு வரச் சொன்னார்.

மார்ச் 17, சனி

ஈரலில் மூன்று இடம். முதுகெலும்பில் இரண்டு. இனி கீமோ வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று அவரே கேட்டார். "மாசக் கணக்குல சொல்ல முடியாது ஐயா" என்றார் டாக்டர். உதட்டைப் பிதுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று.

திரும்பி வரும்போது டாக்ஸியில், "ஈஸ்டர் வரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். அதுதான் வந்தது. அவர் வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 19, திங்கள்

பிரிசில்லாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். இந்த வியாழனுக்கு அடுத்த வியாழன் வருகிறாள்.

மார்ச் 21, புதன்

ரேஷன் கடையில் செல்லக்கனியைப் பார்த்தேன். தலையில் கொஞ்சம் முடி முளைத்திருக்கிறது. அதைத் தடவிக் காட்டிச் சிரித்தாள்.

"ரெண்டு தடவையா மருந்து ஏத்தப் போவல டீச்சர். ஒங்கள மாதிரி முழுசா நம்பிரணும்னு முடிவு பண்ணிட்டேன். மருந்து பாதி விசுவாசம் பாதின்னு இருந்தா ஆண்டவரு எப்பிடிக் கேப்பாரு? நீங்க சொன்னீயள்லா, டாக்டர் கைவிட்ட பொறவுதான் அவரு கையை நீட்டுனாருன்னு."

நான் அப்படியா சொன்னேன்? அப்படித்தான் சொன்னேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். எல்லாரும் எங்கள் சபை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்றேன். சீனி வாங்காமல் வந்துவிட்டேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி எழுதிவிட்டுப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் சொன்னால் பிரம்பை எடுத்திருப்பேன்.

மார்ச் 23, வெள்ளி

"ஐயாவ வரச் சொல்லுதியா? வீட்டுல வச்சே நற்கருணை வாங்கிக்கிடுதேன்" என்று கேட்டார். நம் பக்கத்தில் குருவானவர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரியும், இது எந்த மாதிரி வியாதி என்று. ஈஸ்டர் கழியட்டும் என்றேன்.

"நான் கழிஞ்சிட்டா?"

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். ஆனாலும் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

தனியாகப் போனேன். அவருக்குக் காய்ச்சல் என்று ஒன்பது பேரிடம் சொன்னேன்.

மார்ச் 29, பெரிய வியாழன்

பிரிசில்லா காலையில் வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்காமலே நின்றாள். என்னோடு பேசவில்லை. அவருக்கு ஒத்தடம் கொடுத்தாள், வேட்டி மாற்றினாள், சாத்தியிருந்த ஜன்னல்களை எல்லாம் படார் படார் என்று திறந்தாள்.

அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. வாய் எல்லாம் புண். மார்ஃபின் நாக்கைக் காய வைக்கிறது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம். பிரிசில்லா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கேட்கவேண்டும் என்று இருந்ததைக் கேட்டேன்.

"நான் ஸ்கூலுக்குப் போன பொறவு தனியாக் கெடந்து கத்துவீங்களே. யாருமே இல்லாத வீட்டுல கத்தி என்னங்க?"

"யாரு சொன்னா யாருமில்லன்னு? ஆண்டவருட்டதான் கத்துவேன்."

"என்னட்ட கத்தக் கூடாதா?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ பயப்படுதட்டி. சாட்சி கெட்டுப் போவுமேன்னு நீ பயப்படுத. அவரு பயப்படல. அவருட்ட அய்யோன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போவல. நான் கத்துவேன், அவரு இருப்பாரு. சுகம் தந்தாரான்னா தரல. எந்திரிச்சுப் போவவும் இல்ல."

பஞ்சு காய்ந்துவிட்டது. மறுபடியும் நனைத்தேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நாளைக்கு நன்றாகப் பேசு என்றார்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு ஆராதனை தொடங்கியது. பீடத்தில் கறுப்புத் துணி. இன்றைக்கு மணி அடிப்பதில்லை. கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியில் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவர் படுக்கையில் இருந்து கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

என் முறை வரும்போது மணி ஒன்று ஐம்பது. எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் பக்கத்தைப் படித்தேன். ஆண்டவர் கேட்டது தண்ணீர் அல்ல, அது நம் ஆத்துமாக்கள் மேல் அவருக்கு இருந்த தாகம் என்று எழுதியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். சிறுவயதில் இருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போதே, ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. இவள் மறுபடியும் மூடி மறைக்கிறாள் என்று தோன்றியது. அவருக்கு வேண்டியிருந்தது தண்ணீர். நாக்கு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் கேட்டார். நேற்று அந்த நாக்கை நான் பார்த்தேன்.

நிறுத்திவிட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. பிறகு பேசினதை எனக்கு நினைவு இருக்கிற அளவுக்கு எழுதி வைக்கிறேன்.

"ஆண்டவருக்கு வலிச்சுது. தண்ணி தவிச்சுது. தேவனுடைய குமாரன் இப்பிடிக் கேட்டா நாலு பேரு என்ன நெனைப்பாங்கன்னு அவரு வாயை மூடிக்கிட்டு இருக்கல. காவலுக்கு நின்னவன் காதுபடச் சொன்னாரு. நான் என் வீட்டுக்காரரு வாயை மூடுனேன். அவருக்குச் சுகமாகல. ஜனவரியில நான் சொன்ன சாட்சியில ஆப்பரேஷனைச் சொல்லல, கீமோவைச் சொல்லல. டாக்டர் கைவிட்டாருன்னு சொன்னது பொய். அந்த டாக்டர் ஒருநாளும் கைவிடல. நோய் திரும்ப வந்திருக்கு. ரெண்டு வாரமாத் தெரியும். மறைச்சேன். இங்க என் பேச்சை நம்பி மருந்தை விட்ட ஒரு பிள்ளை இருக்கா. ரேஷன் கடையில என்னட்ட அதைச் சொன்னா. கேட்டும் வாயத் திறக்காம வந்தேன். அம்மா, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. என்னை மன்னிச்சிரு."

இறங்கி வந்து உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்திருந்த பன்னிரண்டு நிமிடத்தில் நான்கே நிமிடம்தான் பேசியிருக்கிறேன். என்ன செய்வது என்று பாடகர் குழுவுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஜோயல் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, முழங்கால்படியிடுவோம் என்றார். அவர் ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. மீதி எட்டு நிமிடமும் சபை சும்மா முழங்காலில் இருந்தது. எனக்குப் பின்னால் யாரோ விம்மிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். பிரிசில்லா வாசலில் நின்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக "அம்மா" என்றாள்.

உள்ளே அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். "மைக்க ரொம்பப் பக்கத்துல வச்சிட்ட" என்றார். கட்டிலில் உட்கார்ந்தேன். என் கையைத் தேடிப் பிடித்தார். அவர் முகம் கோணியது. பிறகு, முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் வாய் விட்டு அழுதார்.

"வலிக்குதுட்டி. ரொம்ப வலிக்குது."

"கத்துங்க" என்றேன். "நான் இருக்கேன்."

கத்தினார். நானும் அழுதேன். எனக்கு ஜெபிக்க ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் அய்யோ என்றபோது நானும் அய்யோ என்றேன். இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பண்ணின ஜெபம் அது ஒன்றுதான்.

மார்ச் 31, சனி

செல்லக்கனி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைய இருக்கு டீச்சர். ஒங்களுக்கு என்ன, சொல்லிட்டீய. ரேஷன் கடையில வச்சுச் சொல்லிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம் என்றேன். கத்தினாள். நியாயமாகத்தான் கத்தினாள். அவள் காலில் விழுந்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. வெகு நேரம் கழித்து, "இப்பம் போனாச் சேத்துக்கிடுவாவளா?" என்று கேட்டாள். நானும் வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

ஆலயம் முடிந்து ஐயா அப்பமும் ரசமும் கொண்டு வந்தார். பட்டப்பகலில் அங்கியோடு தெருவில் நடந்து வந்தார். அவருக்கு அப்பத்தை நனைத்து நாக்கில் வைத்தார். விழுங்க ஐந்து நிமிடம் ஆனது. எல்லாரும் காத்திருந்தோம்.

பிறகு நாள் முழுக்க ஆட்கள். பார்க்க வந்த எல்லாரிடமும் என் வீட்டுக்காரர் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எந்த மாத்திரைக்கு எவ்வளவு நேரம் கேட்கிறது என்று விலாவாரியாகச் சொல்லித் தீர்த்துவிட்டார். தங்கபுஷ்பத்திடம் இரண்டு தடவை சொன்னார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே கால் பிடித்துவிட்டாள். துறைமுகம் பக்கத்துச் சபையில் இருந்து ஒரு அம்மாள் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, அவிசுவாசமாகப் பேசி சபையின் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். இருக்கலாம் என்றேன். அந்த அம்மாளுக்குக் காபி கொடுத்தேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

செல்லக்கனியோடு திருநெல்வேலி. ஏழு மணி பஸ். டாக்டர் அவளைத் தாளித்துவிட்டார். நான்தான் காரணம் என்று குறுக்கே போய்ச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் அவளையே திட்டினார். ரத்தம் சோதித்து, மதியம் மருந்து ஏற்றினார்கள். விட்ட இரண்டு தடவையால் என்ன ஆகும் என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

வாந்தி எடுத்தபோது அவள் என் தோளில் சாய்ந்தாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. சாய வேறு இடம் இல்லை. அடுத்தது இருபத்து நான்காம் தேதி.

ஏப்ரல் 9, திங்கள்

சம்பளம் இல்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமை ஆசிரியை உடனே கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. வலிக்கும்போது மட்டும் நன்றாக விழித்துக்கொள்கிறார். இந்த வலியில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். ஆண்டவர் இதை எதற்குத் தந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பாடம் கற்பிக்கத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குப் பாடம் வேண்டும் என்றால் என்னை அடித்திருக்கலாமே, அவரை எதற்கு? ஆனால் அவர் அய்யோ என்று சொல்லும்போது, அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. இதை நான் யாருக்கும் நிரூபிக்க முடியாது. சாட்சியாகச் சொல்லவும் மாட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

இரண்டு ஸ்பூன் இளநீர் குடித்தார்.

ஏப்ரல் 18, புதன்

இன்று காலை பத்து இருபதுக்கு அவர் போய்விட்டார். கடைசி மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. நானும் பிரிசில்லாவும் கூட இருந்தோம்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மூன்று நாளாக வீடு நிறையச் செருப்பு. வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆறுதல் சொல்கிறார்கள். "அழாதீங்க டீச்சர், அண்ணனுக்கு இப்பந்தான் பூரண சுகம் கெடச்சிருக்கு. நீங்க சொன்ன சாட்சி வீண் போவல." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பதினைந்து பேர் சொல்லும் வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பதினாறாவது ஆள் தங்கபுஷ்பம்.

"இல்ல தங்கம்" என்றேன். "அவருக்குச் சுகமாகல. செத்துப் போனாரு."

அவள் பதறிவிட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் சுகத்தைப் பற்றிப் பேசவில்லை. அவள் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

சாயங்காலம் ஜோயல் ஐயா வந்தார். மாத மடலில் அவரைப் பற்றி நான்கு வரி போட வேண்டும், வழக்கமாக எழுதுகிறமாதிரி எழுதிவிடட்டுமா என்று கேட்டார். 'கொடிய வியாதியிலும் முறுமுறுக்காமல் பொறுமையோடு சகித்து' என்று ஆரம்பித்துக் கையில் கொண்டு வந்திருந்தார்.

"முறுமுறுத்தாரு ஐயா" என்றேன். "அத அடிச்சிருங்க."

ஐயா பேனாவை எடுத்தார்.

"கடைசி வரைக்கும் அவருக்கு வலிச்சுது. கடைசி வரைக்கும் ஆண்டவர் அவர் கூட இருந்தாரு. ரெண்டையும் போடுங்க."

எழுதப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். "எத முதல்ல போட டீச்சர்?"

"வலிச்சத."